குழாய்த் தண்ணீர் கேள்வி பதில்: சவர்க்காரம் ஏன் வழுக்குகிறது?

கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரைக் குழாயில் பெறுபவர்களும், சுற்றுவட்டாரத்தில் கிணற்றை நம்பியிருப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. நான் இரசாயனம் படிப்பித்தவன். இணைப்புத் தாமதம், கட்டணப் பட்டியல் பற்றி எழுதியவர்கள் நீர் வழங்கல் அலுவலகத்தில் கேட்கவும்.

கரடிப்போக்கு வாசகி: சேர், குழாய்த் தண்ணீரில் குளித்தால் எவ்வளவு ஊற்றினாலும் சவர்க்காரம் போகவில்லை. ஏதாவது மருந்து கலக்கிறார்களா?

கலப்பது குளோரின். வழுக்கலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கிணற்றுத் தண்ணீரில் கல்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கின்றன. அவை சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத ஊத்தையாகின்றன. வாளி விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒட்டுவது அதுதான். உடம்பிலும் அது படிவதால் தோல் சொரசொரக்கிறது. அதையே நீங்கள் இத்தனை காலமும் ‘சவர்க்காரம் போய்விட்டது’ என்று எண்ணியிருக்கிறீர்கள். குழாயில் வரும் குளத்து நீர் மென்மையானது, அதாவது கல்சியமும் மக்னீசியமும் குறைந்தது. அதில் அந்தப் படிவு இல்லை. பாதிச் சவர்க்காரம் போடுங்கள், போதும்.

இந்த இரண்டும் கரைந்திருக்கும் அளவே வன்மை. அதைக் கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டு லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்பார்கள். 60 வரை மென்மை, 120 வரை நடுத்தரம், 180 வரை வன்மை, அதற்கு மேல் கடும் வன்மை. குளத்தில் நிற்பது பெரும்பாலும் நிலத்தின் மேல் ஓடிவந்த மழை. கிணற்று நீரோ பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் கிடந்து கனியுப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. மாரி முடிந்ததும் குளத்து நீர் மிக மென்மையாக இருக்கும். ஆவணியில் நீர் வற்றி, உப்புகள் செறிந்து, நுரை சற்றுக் குறையும்.

பூநகரி: மென்மையான தண்ணீர் என்றால் சுத்தமான தண்ணீர்தானே?

இல்லை. கூரையில் காக்கை எச்சத்தோடு வழிந்த மழையும் மென்மையானதுதான். கிருமிக்கும் வன்மைக்கும் சம்பந்தமில்லை. கிருமியைத் தடுக்க, குழாய் வாயில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். வெயிலில் கிடக்கும் கூரைத் தாங்கியில் அது விரைவில் கழன்றுவிடும். தாங்கியைக் கழுவுங்கள். மூடியைப் போடுங்கள்.

செட்டிகுளம்: எங்கள் கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் கேத்திலில் வெள்ளையாகப் படிகிறது. சிறுநீரக நோய் இதனால்தான் வருகிறதா? கொதிக்க வைத்துக் குடித்தால் தப்பலாமா?

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். கேத்தில் படிவு, இருகாபனேற்று வன்மை கொதித்தலில் பிரிவதால் வருவது. தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ விட்டு ஊறவைத்தால் கரைந்துவிடும். சல்பேற்றால் வரும் வன்மை கொதித்தாலும் போகாது.

வவுனியா உட்பட உலர்வலயத்தின் பல பகுதிகளில் காணப்படும் நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு ஒரே காரணம் இன்னும் நிறுவப்படவில்லை. புளோரைட்டும் வன்மையும் சேர்ந்த நிலத்தடி நீர் ஆய்வாளர்கள் சந்தேகிப்பவற்றில் ஒன்று. வெப்பமும் பீடைகொல்லிகளும் வேறு சந்தேகங்கள். புளோரைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகும், புளோரைட் தங்கும். அதாவது செறிவு கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம்; வெயிலில் உழைத்து அதிகம் நீர் குடிக்கும் எங்களுக்கு அதைவிடக் குறைவாக இருப்பதே நல்லது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி மாதிரியைச் சோதனைக்கு அனுப்புங்கள். அதுவரை குடிக்கவும் சமைக்கவும் சுத்தமாகச் சேர்த்த மழைநீரோ குழாய் நீரோ எடுங்கள்.

பரந்தன்: விற்பனையாளர் ஒருவர் மானியை விட்டு 480 என்று காட்டினார். இரண்டு கம்பியையும் விட்டார், தண்ணீர் மண்ணிறமாகிவிட்டது. வடிகட்டும் இயந்திரம் வாங்கச் சொல்கிறார்.

வாங்காதீர்கள். அந்த மானி மின்கடத்தும் தன்மையை அளந்து, மொத்தக் கரைபொருள் என்று ஓர் எண் காட்டுகிறது. மழைநீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டாலும் எண் ஏறும், வன்மை ஏறாது. கிருமியை அது காட்டாது. புளோரைட்டைப் பிரித்துக் காட்டாது. கம்பி வித்தை அதைவிட மோசம்: மண்ணிறம் தண்ணீரிலிருந்து வரவில்லை, மின்சாரத்தில் அரிபட்ட இரும்புக் கம்பியிலிருந்து வந்தது. அவருடைய இயந்திரத்து நீரில் உப்பில்லாததால் மின் ஓடாது, தெளிவாக நிற்கும். இயந்திரம் விற்பவரிடம் தண்ணீர் சோதிக்கக் கொடுக்க வேண்டாம்.

தருமபுரம்: தேத்தண்ணீரின் மேல் ஆடை படிகிறது.

வன்மைதான். ஒரு துளி தேசிக்காய் விட்டுப் பாருங்கள்.

உருத்திரபுரம்: வடிகட்டும் இயந்திரம் வாங்கலாமா?

பரந்தன்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். கிணற்று நீர் உப்புச் சவரென்றால் வேறு கதை; அங்கே அது உதவும். குழாய் நீருக்குத் தேவையில்லை.

கோண்டாவில்: இவ்வளவு நல்ல தண்ணீரை யாழ்ப்பாணத்துக்கும் தந்தால் என்ன?

இதை எதிர்பார்த்தேன். யாழ்ப்பாணத்துக்குத் தேவை உண்மையானது. சுண்ணாம்புப் பாறையில் தேங்கும் மழைநீரே அங்கே நிலத்தடி நீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு ஏறும், உரமும் மலகூடக் குழியும் நைத்திரேற்றைச் சேர்க்கும். ஆனால் இரணைமடு நீரில்தான் சிறுபோகம் நடக்கிறது. மழை பொய்த்தால் விதைப்பு ஏக்கரைக் குறைக்கிறார்கள்.

முரசுமோட்டை விவசாயி: ‘ஆனால்’ என்று ஏன் இழுக்கிறீர்கள்? எங்கள் வயல் காய்ந்தால் யார் நட்டஈடு தருவது?

உங்களுக்கு எதிராக நான் ஒன்றும் சொல்லவில்லையே. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் விவசாயிகளின் எதிர்ப்பால்தான் கடல்நீரை நோக்கித் திரும்பியது. தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் தரும் கொள்ளளவு.

கோண்டாவில் மீண்டும்: கடலுக்கு ஓடும் மிகை நீரையாவது தரலாமே?

குளம் நிரம்பி வான் பாய்வது மாரியில். உங்களுக்குத் தண்ணீர் வேண்டியது கோடையில். இடையில் எங்கே சேமிப்பது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

வட்டக்கச்சி: கடல்நீரை வடித்தால் கல்சியமே இருக்காது. அதைக் குடிக்கலாமா?

அப்பாடா, இரசாயனம். வடித்தவுடன் உள்ள நீர் உலோகத்தையும் சீமெந்துப் பூச்சையும் அரிக்கும். ஆகவே இத்தகைய நிலையங்களில் குழாயில் விடுமுன் சுண்ணாம்பைச் சேர்த்துக் கொஞ்சம் வன்மையேற்றுவது வழக்கம். அப்படி விட்டால் குடிக்கலாம்.

முரசுமோட்டை, கோண்டாவில், இன்னும் பலர்: உங்கள் கடிதங்கள் வந்தன. அவை நீர்ப்பங்கீடு பற்றியவை, இங்கே நிறுத்துகிறேன்.

கனகபுரம்: எந்த வடிகட்டும் இயந்திரம் நல்லது?

மேலே.

அக்கராயன்: குழாய்த் தண்ணீர் மென்மையானதுதானே, உழவு இயந்திர பற்றறிக்கு ஊற்றலாமா?

கூடாது. காய்ச்சி வடித்த நீர் மட்டும்.