வாசகர் கேள்வி – பதில்: பேஸ் கிட்டாருக்கு எத்தனை தந்திகள்?

கேள்வி: நான்கு தந்திகள் கொண்ட பேஸ் கிட்டாரைத்தான் பார்த்திருக்கிறேன். சிறு பட்டறைகளில் ஏழு, ஒன்பது தந்திகள் வைத்தும் செய்கிறார்கள் என்று அறிந்தேன். கேட்பவருக்கு இதனால் கூடுதலாக என்ன கிடைக்கிறது?

பதில்: 1951இல் ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் கிட்டார், நிறுத்திவைத்து வாசிக்கும் பெரிய வயலின் போன்ற டபுள் பேஸைப் பின்பற்றி ஈ, ஏ, டி, ஜி என்ற நான்கு தந்திகளையே கொண்டிருந்தது. கிட்டார் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கருவிக்கு ஆறு தந்திகள் இருப்பதே முறை என்று கருதிய பேஸ் கலைஞர் அந்தோனி ஜாக்சன், 1970களின் நடுப்பகுதியில், நியூயார்க்கில் கைவேலையாகக் கிட்டார் செய்துவந்த கார்ல் தாம்சனைக் கொண்டு, கீழ்ச்சுரத்தில் ஒரு பி, மேல்சுரத்தில் ஒரு சி சேர்ந்த ஆறு தந்திக் கருவியைச் செய்வித்தார். பெரிய தொழிற்சாலையில் கழுத்து, பிரிட்ஜ் (தந்திகளைத் தாங்கும் பகுதி), பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் பகுதி) ஆகிய அனைத்தும் ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் உருவாவதால், ஒருவருக்காக அளவை மாற்றுவது அங்கே கட்டுப்படியாகாது. ஏழு, ஒன்பது தந்திக் கருவிகள் பெரும்பாலும் சிறு பட்டறைகளிலிருந்தே வருவதற்கு அதுவே காரணம்.

இனி ஒலிக்கு வருவோம். வழக்கமான கீழ் ஈ தந்தியின் அதிர்வெண் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ், பி தந்திக்கு 31, அதற்கும் கீழான எஃப் ஷார்ப் தந்திக்கு 23. அதற்கும் கீழே ஒரு சி ஷார்ப் தந்தி வைத்தால் 17 ஹெர்ட்ஸ் ஆகிறது. மனிதக் காதின் கீழ் எல்லையாகச் சொல்லப்படும் 20 ஹெர்ட்ஸுக்கும் அது கீழே இருக்கிறது. அந்த ஆழத்தில் நாம் கேட்பது பெரும்பாலும் தந்தியின் மேற்சுரங்களைத்தான், அதாவது அடிச்சுரத்தோடு சேர்ந்தெழும் உயர்ந்த ஒலிகளைத்தான். எது எந்தச் சுரம் என்று பிரித்தறிவதும் கடினமாகிறது; போதாக்குறைக்குப் பல ஒலிபெருக்கிகள் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே தளர்ந்துவிடுகின்றன. ஆகவே, கீழே சேர்க்கும் தந்திகளைவிட மேலே சேர்க்கும் சி, எஃப் தந்திகளே இசைக்கு அதிகம் தருகின்றன என்பது என் உறுதியான கருத்து. கீழ்ச்சுரத்தைப் பிடித்தபடியே மேலே கார்டுகளையும் மெட்டையும் வாசிக்க அவை வழி செய்கின்றன.

கேள்வி: இத்தனை தந்திகளின் இழுவிசையைக் கழுத்து எப்படித் தாங்குகிறது?

பதில்: செய்பவரின் திறமை வெளிப்படும் இடமே இதுதான். ஒரு பேஸ் தந்தி சராசரியாக 18 கிலோ அளவுக்கு இழுக்கிறது என்று கொண்டால், ஒன்பது தந்திகள் சேர்ந்து 160 கிலோவை எட்டுகின்றன. அதனால் பல மரக்கீற்றுகளை ஒட்டிக் கழுத்தைச் செய்து, உள்ளே, அது வளைந்துவிடாமல் பிடிக்கும் உலோகத் தண்டுகளான ட்ரஸ் ராடுகள் இரண்டையும் சில வேளைகளில் கார்பன் இழைத் தண்டுகளையும் பதிக்கிறார்கள். கீழ்த்தந்தி தொய்ந்து குழறாமல் இருக்க, தந்தியின் அதிரும் பகுதிக்கு நீளமும் வேண்டும்: 34 அங்குலத்தை 36 ஆக்கினால், அதே தந்தியில் அதே சுரத்துக்கு இழுவிசை சுமார் 12 சதவீதம் கூடுகிறது. ஆனால் அந்த நீளத்தில் மேல்தந்திகள் அளவுக்கு மீறி விறைத்துவிடும். கிட்டார் செய்பவரான ரால்ஃப் நோவாக் காப்புரிமை பெற்ற, விசிறி வடிவில் அமைந்த ஃப்ரெட்டுகள் (கழுத்தின் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பிகள்), கீழ்த்தந்திக்கு அதிக நீளமும் மேல்தந்திக்குக் குறைந்த நீளமும் கொடுத்து இச்சிக்கலை அழகாகத் தீர்க்கின்றன. கனடாவின் டிங்வால் பேஸ்களில் இம்முறையைக் காணலாம்.

கேள்வி: பன்னிரண்டு தந்தி பேஸும் இதே வகையா?

பதில்: இல்லை. அதில் நான்கு தொகுதிகளே உண்டு. ஒவ்வொரு பேஸ் தந்தியோடும் ஒரு எண்மம் (ஆக்டேவ்) மேலான இரண்டு மெல்லிய தந்திகள் சேர்ந்தே ஒலிக்கும். சீப் ட்ரிக் என்ற அமெரிக்க ராக் குழுவின் டாம் பீட்டர்சனுக்காக 1970களின் இறுதியில் ஹேமர் நிறுவனம் செய்தது அது.

கேள்வி: ஏழு தந்திக் கருவி ஒன்றைச் செய்யச் சொல்லலாம் என்றிருக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: அதே பட்டறையின் கருவி ஒன்றில், கீழ்த்தந்தியைப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு அருகே அழுத்தி வாசித்துப் பாருங்கள், அங்கும் சுரம் தெளிவாக நின்றால் செய்தவரை நம்பலாம். தந்திகளின் இடைவெளியை உங்கள் வலக்கைக்கு ஏற்றபடி நீங்களே அளந்து சொல்லுங்கள். வாசிக்காத தந்திகள் தாமாக அதிர்ந்து ஒலியைக் கலைக்கும் என்பதால், அவற்றைக் கட்டைவிரலாலும் இடக்கை விரல்களாலும் அடக்கப் பழகுவதற்கே தொடக்கத்தில் அதிக நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும்.