பெக்கில் நிற்கும் பிள்ளைகளுக்கு: பெண்கள் உதைபந்தாட்டக் கேள்வி பதில்

பாடசாலைக் காலத்திலிருந்து நான் சென்டர் பெக், அதாவது பின்வரிசையின் நடுவில் நின்று எதிரணியைத் தடுக்கிறவள். இப்போது மட்டக்களப்பில் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். பின்வரிசையில் ஆடுவதைப் பற்றியும், அதைத் தொழிலாக எடுக்க முடியுமா என்பதைப் பற்றியும் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை. ஒரே மாதிரிக் கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் சொல்லியிருக்கிறேன்.

கல்லடி, 14 வயது மாணவி: அக்கா, கோல் அடிக்கத் தெரியாதவர்களைத்தான் பெக்கில் விடுவார்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இப்போது என்னையும் பெக்கில் விட்டுவிட்டார்கள். நான் கெட்டிக்காரி இல்லை என்றுதானே அர்த்தம்?

இல்லை தங்கச்சி. இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். பெண்கள் உதைபந்தாட்டத்தில் முதன்முதலாகப் பத்து லட்சம் டொலருக்கு மேல் கொடுத்து ஒரு கழகம் வாங்கிய ஆள் யார் தெரியுமா? நயோமி கிர்மா என்ற சென்டர் பெக். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் சான் டியேகோ வேவ் கழகத்திலிருந்து லண்டன் செல்சி அவரை எடுத்தது. எத்தியோப்பியாவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போய்க் குடியேறிய பெற்றோரின் பிள்ளை அவர். அதற்கு முன்பே, 2020இல், உலகின் சிறந்த வீராங்கனைக்கான ஃபீஃபா விருதை இங்கிலாந்தின் லூசி புரோன்ஸ் வாங்கிவிட்டார். அவர் ரைட் பெக், பின்வரிசையில் வலப்பக்கம் ஆடுபவர். அந்த விருது ஒரு பின்வரிசை ஆட்டக்காரிக்குப் போனது அதுதான் முதல் தடவை.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். முன்னால் ஆடுபவள் நாலு பந்தை வெளியே அடித்துவிட்டு ஐந்தாவதைக் கோலாக்கினால் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பெக்கில் நிற்பவளுக்கு அந்த வசதி கிடையாது, ஒரு தரம் தவறினால் கோல். அதனால் நல்ல கோச் ஒருவர் அணியிலேயே அதிகம் யோசிக்கிற, பதறாத பிள்ளையைத்தான் அங்கே நிறுத்துவார். முழு மைதானமும் கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடக்கிற இடமும் அதுதான், யார் எங்கே ஓடுகிறார்கள், யாருடைய ஆள் தனியாக நிற்கிறாள் என்று உனக்குத்தான் முதலில் தெரியும். உன் கோச்சிடம் போய் ஏன் என்னைப் பெக்கில் விட்டீர்கள் என்று நேரே கேள். என்ன காரணம் சொல்கிறார் என்று எனக்கும் எழுது.

ஆரையம்பதி, ஒரு தாய்: மகள் இரவு பகலாகப் பந்தோடுதான். சாதாரண தரம் எழுத வேண்டிய பிள்ளை. இதை நம்பிச் சோறு சாப்பிட முடியுமா, உண்மையைச் சொல்லுங்கள்.

உண்மையைச் சொல்கிறேன் அம்மா. இங்கே, நம் நாட்டில், ஆடுவதை மட்டும் வைத்துக் குடும்பம் நடத்துகிற அளவுக்குச் சம்பளம் தரும் பெண்கள் லீக் இன்னும் வரவில்லை. இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளில் சேர்ந்தால் மாதச் சம்பளமும் பயிற்சியும் சேர்ந்து கிடைக்கும், நாட்டின் பல நல்ல வீராங்கனைகள் அந்த வழியில்தான் ஆடுகிறார்கள். அந்த உடுப்பைப் போடுவதா வேண்டாமா என்பது நம் பக்கத்துக் குடும்பங்களில் லேசான பேச்சு இல்லை. அதை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும், நான் வெளியிலிருந்து சொல்லக் கூடாது.

வெளிநாட்டிலும் காசு நேற்றுத்தான் வந்தது. அமெரிக்காவின் பெண்கள் லீக் 2013இல் தொடங்கியபோது ஒரு சீசனுக்கு அடிமட்டச் சம்பளம் 6,000 டொலர், அந்த ஊர் வாடகைக்கே காணாது. 2025இல் அதே லீக்கில் அடிமட்டம் 48,500 டொலர், 2030இல் 82,500 ஆக வேண்டும் என்று ஒப்பந்தமே இருக்கிறது. 2023 உலகக் கிண்ணத்தில், முதல் சுற்றோடு வீட்டுக்குப் போன அணியின் பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 30,000 டொலர் என்று ஃபீஃபா ஒதுக்கியது. மேலே சொன்ன லூசி புரோன்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு, பீட்சாக் கடையில் வேலை செய்துகொண்டுதான் ஆடினார். பிறகுதான் லியோன், பார்சலோனா கழகங்களில் சேர்த்து ஐந்து தரம், ஐரோப்பியக் கழகங்களின் பெரிய கிண்ணமான சாம்பியன்ஸ் லீக்கை வென்றார்.

நமக்குக் கிட்டடியில் பார்க்க வேண்டியது பங்களாதேஷை. 2022இலும் 2024இலும் தெற்காசியக் கிண்ணத்தை வென்றார்கள், 2025இல் முதன்முறையாக ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றார்கள். அந்த அணியில் கிராமத்துப் பாடசாலை மைதானத்திலிருந்து வந்த பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களில் சபீனா கத்தூன், கிருஷ்ணா ராணி இருவரும் 2018இல் மதுரையின் சேது எஃப்சிக்காக இந்திய லீக்கில் ஆடினார்கள். மதுரை நமக்கு எவ்வளவு தூரம் சொல்லுங்கள்? வழி குறுகலானது, ஆனால் இல்லாமல் இல்லை.

அதனால் பிள்ளை சாதாரண தரம் எழுதட்டும், உயர்தரமும் படிக்கட்டும். பந்தைப் பறித்து வைத்தால் படிப்பு ஏறும் என்று நினைக்காதீர்கள். மாலையில் ஒன்றரை மணித்தியாலம் ஆடிவிட்டு வருகிற பிள்ளை இரவில் ஒழுங்காகப் படிக்கும், நான் நிறையப் பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். பிறகு சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானப் பட்டம் இருக்கிறது. உடற்கல்வி ஆசிரியர், விளையாட்டு உத்தியோகத்தர், நடுவர், பயிற்றுவிப்பாளர் என்று இந்தத் துறைக்குள்ளேயே பல வேலைகளும் இருக்கின்றன.

கல்முனை, 17 வயது: என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். சென்டர் பெக் கனவை விட்டுவிடவா?

சென்டர் பெக்குக்கு உயரம் உதவும், அதை மறைக்க மாட்டேன். பிரான்சின் வென்டி ரெனார்ட் 187 சென்டிமீட்டர், கோர்ணர் கிக் வந்தால் இரு பக்கக் கோல் முன்னாலும் அவர் தலைதான் மேலே. ஆனால் 2015 உலகக் கிண்ணம் வென்ற அமெரிக்க அணியின் லெஃப்ட் பெக் மேகன் கிளிங்கன்பெர்க் ஏறக்குறைய உன் உயரம்தான். சுவீடனுக்கு எதிரான ஆட்டத்தில் கோல் கோட்டில் நின்று எம்பி, உள்ளே போகிற பந்தைத் தலையால் முட்டிக் குறுக்குக் கம்பத்துக்குத் தள்ளினார், ஆட்டம் பூச்சியத்துக்குப் பூச்சியம். ரைட் பெக், லெஃப்ட் பெக் மாதிரி ஓரத்தில் ஆடும் இடத்துக்கு மாறிப் பார். ஓட்டமும் மூச்சும் இருந்தால் அங்கே உனக்கு இடம் இருக்கிறது.

இன்னொன்று. ரெனார்ட் மார்ட்டினிக் தீவுப் பிள்ளை. பிரான்சின் தேசியப் பயிற்சி நிலையத் தேர்வில் அவரை எடுக்கவில்லை. அதன் பிறகுதான் 16 வயதில் லியோனுக்குப் போனார், அங்கேயே எட்டு சாம்பியன்ஸ் லீக். ஒரு தெரிவில் பேர் வரவில்லை என்று எழுதியிருந்த மற்றப் பிள்ளைகளுக்கும் இதுதான் என் பதில்.

களுவாஞ்சிகுடி, உடற்கல்வி ஆசிரியர்: என் அணியில் இரண்டு பிள்ளைகளுக்கு முழங்கால் போய்விட்டது. பெண் பிள்ளைகளுக்கு ஏன் இப்படி அதிகம் வருகிறது? என்ன செய்யலாம்?

சேர், இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்குப் பெரிய நன்றி. முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் ஏசிஎல் என்ற நார் அறுவது பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு அதிகம். இடுப்பு அகலம், பாய்ந்து இறங்கும்போது முழங்கால் உட்பக்கம் சாய்வது, பின்தொடைத் தசைக்குப் போதிய பலம் இல்லாதது என்று பல காரணம் சொல்கிறார்கள். எனக்கு அதில் மிகவும் உறுத்துவது, ஆண் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலிருந்து தசைப் பயிற்சி கொடுக்கிறோம், பெண் பிள்ளைகளுக்கு இரண்டு சுற்று ஓட்டத்தோடு பந்தைக் கொடுத்துவிடுகிறோம். பெக்கில் ஆடுபவளும் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் எதிராளி திரும்பும் பக்கத்துக்கெல்லாம் அவளும் சட்டென்று நின்று திரும்ப வேண்டும்.

ஃபீஃபா 11 பிளஸ் என்று ஒரு வோர்ம் அப் இருக்கிறது. இருபது நிமிடம், பந்தைத் தவிர ஒரு சாமானும் தேவையில்லை. மெதுவான ஓட்டம், பிறகு வயிறு, தொடைப் பலம், ஒற்றைக் காலில் சமநிலை, குதித்து இறங்குவது, கடைசியில் கொஞ்சம் வேக ஓட்டம். நோர்வேயில் 13 முதல் 17 வயது வரையான பெண் பிள்ளைகளிடம் பெரிய ஆய்வு செய்தார்கள், இதைச் செய்த அணிகளில் கடுமையான காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. கிழமைக்கு இரண்டு தரமாவது செய்ய வேண்டும். குதித்து இறங்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், முழங்கால் கால் விரலுக்கு நேரே நிற்க வேண்டும், உள்ளே மடியக் கூடாது. சொல்லிச் சொல்லித் திருத்தினால் ஒரு தவணைக்குள் மாறும்.

நம் மைதானங்களையும் பாருங்கள். மழை முடிந்தால் குழி, கச்சான் காற்று வீசும் மாதங்களில் தரை கல்லு மாதிரி. ஆட முன்னர் ஒரு சுற்று நடந்து குழிகளை மண் போட்டு மூடிவிடுங்கள். நாலரைக்கு முன்னர் தொடங்காதீர்கள்.

நார் அறுந்த பிள்ளைகளை அவசரப்படுத்த வேண்டாம். சத்திரசிகிச்சை செய்தால் ஒன்பது மாதத்துக்கு முன்னர் போட்டிக்கு விடவே கூடாது, பிசியோதெரபியைப் பாதியில் நிறுத்தவும் விடாதீர்கள். இங்கிலாந்தின் தலைவி, சென்டர் பெக் லியா வில்லியம்சனுக்கு 2023 ஏப்ரலில் ஏசிஎல் அறுந்து உலகக் கிண்ணமே போனது. 2025இல் அவரே அணியைத் தலைமை தாங்கி ஐரோப்பியக் கிண்ணத்தைத் தூக்கினார். அதே தொடர் முழுவதும் லூசி புரோன்ஸ் காலெலும்பில் வெடிப்போடு ஆடியதாகப் பிறகு சொன்னார், அதைத் தயவுசெய்து பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகச் சொல்ல வேண்டாம். அவரைச் சுற்றி ஒரு மருத்துவக் குழுவே நின்றது, நம் பிள்ளைக்கு நாம் மட்டும்தான்.

அக்கரைப்பற்று, 15 வயது: டீச்சர், நான் ஸ்கார்ஃப் போட்டு, முழுக்கால் மறைத்து ஆடலாமா? பெரிய போட்டியில் விடமாட்டார்கள் என்று வகுப்பில் சொல்கிறார்கள்.

தாராளமாக ஆடலாம் மகள். முன்பு தடை இருந்தது உண்மை. 2011இல் ஈரான் பெண்கள் அணியை ஒலிம்பிக் தகுதிகாண் ஆட்டத்தில் அதற்காகவே ஆடவிடவில்லை. 2014இல் சட்டத்தையே மாற்றிவிட்டார்கள். 2023 உலகக் கிண்ணத்தில் மொரோக்கோவின் நுஹைலா பென்சினா ஹிஜாபோடு தென்கொரியாவுக்கு எதிராக ஆடினார், மொரோக்கோ 1-0 வென்றது. பெண்கள் உலகக் கிண்ணத்தில் ஹிஜாப் அணிந்து ஆடிய முதல் ஆள் அவர், அவரும் உன்னைப் போல பெக். ஊசி குத்தாமல், இறுக்கமாக, வியர்வை உறிஞ்சும் துணியில் போட்டுக்கொள். வகுப்பில் கேட்டால் பென்சினா பேரைச் சொல்.

வாழைச்சேனை, 19 வயது: கலியாணம் முடித்தால் ஆட்டம் முடிந்தது என்கிறார்கள்.

அமெரிக்காவின் கிறிஸ்டி ராம்போன் என்ற பெக், இரண்டு பிள்ளைகளின் தாய், 40 வயதில் 2015 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் இறங்கினார். நாட்டுக்காக 311 ஆட்டம். 2021 முதல் ஃபீஃபா விதிப்படி தொழில்முறை வீராங்கனைக்குக் குறைந்தது 14 கிழமை மகப்பேற்று விடுமுறை, சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கோடு கொடுக்க வேண்டும். பேச்சுக்கால் முடியும்போதே ஆடுவேன் என்பதையும் சொல்லிவிடு, பிறகு சொல்வதைவிட அது லேசு.

மட்டக்களப்பு நகர், பெயர் வேண்டாம் என்றவர்: வேகமான ஃபோர்வர்ட் பந்தோடு நேரே வந்தால் எனக்குக் கை கால் நடுங்கும். என்ன செய்வது?

பாயாதே. இதுதான் பாதிப் பாடம். அவள் வேகத்தோடு வரும்போது நீ காலை நீட்டினால் அவள் வேலை முடிந்தது. இரண்டு எட்டுத் தூரம் விட்டு, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்காலை மடித்து, அவளோடு சேர்ந்து பின்னால் போ. நேரே கோலுக்குப் போகும் வழியை மறைத்து அவளை வெளிக்கோட்டுப் பக்கம் தள்ளு. அவள் முகத்தையும் இடுப்பு ஆட்டத்தையும் பார்க்காதே, பந்தை மட்டும் பார். பந்து அவள் காலை விட்டு ஒரு எட்டு விலகும் நேரம் வரும், அப்போது முழு உடம்போடும் போ. நீ எடுக்கா விட்டாலும் பரவாயில்லை, நீ தாமதப்படுத்திய நேரத்துக்குள் உன் ஆட்கள் திரும்பி வந்துவிடுவார்கள்.

அப்புறம், வாயைத் திற. "ஏறு", "விடு", "பின்னால ஆள்" என்று கத்த வேண்டும். நம் பிள்ளைகளுக்குச் சத்தம் போடாதே என்றுதான் வீட்டில் பழக்கியிருக்கிறார்கள், அதனால் முதலில் கூச்சமாக இருக்கும். என் பயிற்சியில் பெக்குகள் நாலு பேரும் சும்மா நின்று கத்துவதற்கே பத்து நிமிடம் ஒதுக்குவேன். அந்தக் கூச்சம் போனால் நடுக்கமும் பாதி போய்விடும்.

திருக்கோவில், ஒரு அப்பா: பூட்ஸ் எதை வாங்குவது? அடுத்த வருஷமும் போடுகிற மாதிரி ஒரு அளவு பெரிதாக எடுக்கலாமா?

வேண்டாம் அண்ணன். கால் உள்ளே வழுக்கினால் கொப்புளமும் வரும், கணுக்காலும் பிரளும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு சுண்டுவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். நம் தரைக்கு ரப்பர் கட்டை வைத்து வார்த்தது நல்லது, இரும்புக் கட்டை வேண்டாம். பின்னேரம் கடைக்குக் கூட்டிப்போய், ஆடும்போது போடும் மொத்த மேசோடு போட்டுப் பாருங்கள், காலையில் கால் கொஞ்சம் சின்னதாக இருக்கும். மிச்சக் காசுக்கு ஷின் கார்ட் ஒரு சோடி எடுங்கள், அது இல்லாமல் நடுவர் போட்டிக்குள் இறங்க விடமாட்டார்.