தேன்சிட்டு கறுப்பாக விழுகிறதா? லென்ஸை விடுங்கள், நிற்கும் இடத்தைப் பாருங்கள்

கேள்வி: சென்னையில் எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் சின்னக் குளத்தோடு ஒரு மாநகராட்சிப் பூங்கா இருக்கிறது. என்னிடம் 24 மெகாபிக்சல் கேனான் கேமராவும் 55–250 மி.மீ. லென்ஸும் உள்ளன. ஞாயிற்றுக்கிழமைகளில் எட்டு மணிக்குப் போய், பத்து மணிவரை பூங்காவைச் சுற்றிச் சுற்றி வந்து பறவைகளை எடுக்கிறேன். தேன்சிட்டு கரும்புள்ளியாக விழுகிறது, கொக்கு வெள்ளைத் திட்டாகிவிடுகிறது, பாதிப் படம் கலங்கல். 400 மி.மீ. லென்ஸ் வாங்கினால் சரியாகுமா?

பதில்: சரியாகாது. நீங்கள் சொல்லும் மூன்று குறைகளில் ஒன்றுக்குக்கூட லென்ஸ் காரணமில்லை. பங்குனி, சித்திரை மாதங்கள் பூங்காப் பறவைகளைப் படமெடுக்க அருமையான காலம். பூக்கள் நிறைய, உள்ளூர்ப் பறவைகள் கூடு கட்டும் பரபரப்பில் இருக்கும், வலசை வந்தவை ஊர் திரும்பும் வழியில் இருக்கும். கையிலுள்ள லென்ஸே இதற்குப் போதும்.

முதலில் தேன்சிட்டு. ஊதாத் தேன்சிட்டின் ஆண் இப்போது முழு இனப்பெருக்கக் கோலத்தில் இருக்கும். அதன் நீலமும் ஊதாவும் சாயம் ஏறிய நிறங்கள் அல்ல. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது பிறக்கிறவை. வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து போய்ப் பறவைமேல் பட்டால் நிறம் ஜொலிக்கும். பறவைக்குப் பின்னால் சூரியன் இருந்தால் வெறும் கறுப்புதான். அந்தப் படத்தைக் கணினியில் எவ்வளவு வெளுக்க வைத்தாலும் கறுப்பு சாம்பலாகுமே தவிர, ஊதா வராது.

ஆகவே காலையில் பூச்செடிக்குக் கிழக்கே நின்று மேற்கே பாருங்கள். உங்கள் நிழல் செடியை நோக்கி விழுகிறதா என்று பார்த்தால் போதும், வேறு சோதனை வேண்டாம். உயரமான கல்யாண முருங்கையில் எத்தனை தேன்சிட்டு இருந்தாலும் ஆசைப்படாதீர்கள். வானத்தைப் பின்னணியாக வைத்து வயிற்றைத்தான் எடுக்க முடியும். இட்லிப்பூ, ஹமீலியா, செம்பருத்தி போல மார்பளவு வளரும் செடிகள் பூங்காவில் எங்காவது வரிசையாக இருக்கும். தேன்சிட்டு ஒரே செடிக்குத் திரும்பத் திரும்ப வரும் பழக்கமுள்ளது. பூவில் அலகை நுழைக்கும்போது அது ஒரு நொடிகூட நிற்காது. ஆனால் குடித்து முடித்ததும் பக்கத்திலுள்ள மொட்டைக் குச்சியில் உட்கார்ந்து அலகை இருபுறமும் தேய்க்கும், சில சமயம் கத்தும். அந்தக் குச்சியைக் கண்டுபிடித்து, அதில் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள்.

காத்திருப்பது ஏன் லென்ஸைவிடப் பெரிது என்பதற்குக் கணக்கே இருக்கிறது. உங்கள் கேமராவில் 250 மி.மீ. வைத்துப் பத்து மீட்டர் தொலைவிலிருந்து எடுத்தால் படத்தின் அகலத்துக்குள் சுமார் 90 செ.மீ. இடம் அடங்கும். பத்து செ.மீ. நீளமுள்ள தேன்சிட்டு அதில் ஒன்பதில் ஒரு பங்கு. 400 மி.மீ. லென்ஸ் போட்டால் பறவை 1.6 மடங்கு பெரிதாகும். அதே 250 மி.மீ. லென்ஸோடு ஐந்து மீட்டருக்குள் நீங்கள் இருந்தால் இரண்டு மடங்கு. அந்த ஐந்து மீட்டரை நடந்து குறைக்க முடியாது, பறந்துவிடும். நீங்கள் முன்கூட்டியே உட்கார்ந்திருந்து, பறவை தானாக வந்தால்தான் கிடைக்கும். பூங்காப் பறவைகளுக்கு நடைப்பயிற்சி செய்பவர்கள் பழக்கம். நடந்துகொண்டே இருந்த ஒருவர் சட்டென்று நின்று கேமராவைத் தூக்குவதுதான் அவற்றை மிரட்டுகிறது. சுற்றிச் சுற்றி வருவதை நிறுத்துங்கள். ஒரு செடி, ஒரு குளக்கரை, அவ்வளவுதான் ஒரு காலைக்கு.

நேரத்தையும் மாற்ற வேண்டும். பங்குனியில் சென்னையில் ஆறு மணிக்கும் ஆறேகாலுக்கும் இடையில் சூரியன் எழுகிறது. ஆறரையிலிருந்து எட்டரைவரை வெயில் சாய்வாக விழும். பறவையின் கண்ணில் ஒளிப்பொட்டு தெரியும், இறகின் மடிப்புகள் தெரியும். ஒன்பதரைக்கு மேல் வெயில் தலைக்கு மேல் ஏறி, கண் நிழலுக்குள் போய்விடும். இன்னொரு தொல்லையும் உண்டு. சூடேறிய தரையிலிருந்தும் சிமென்ட் நடைபாதையிலிருந்தும் எழும் காற்று அலையலையாக நெளிவதால், ஷட்டர் வேகம், ஃபோகஸ் எல்லாம் சரியாக இருந்தாலும் தூரத்துப் பறவை குழைந்து தெரியும். உங்கள் கலங்கல் படங்களில் ஒரு பகுதி இதனால் வந்திருக்கும். இதற்கு எந்த லென்ஸும் மருந்தல்ல.

மீதிக் கலங்கல் ஷட்டர் வேகத்தால். லென்ஸிலுள்ள நடுக்கக் கட்டுப்பாடு உங்கள் கை அசைவைத்தான் தாங்கும், பறவையின் அசைவை அல்ல. ஷட்டர் வேக முன்னுரிமையில் (கேனானில் Tv) வைத்து, உட்கார்ந்திருக்கும் சிறு பறவைக்கு 1/800 நொடி, பறப்பதற்கு 1/2000 நொடி என்று தொடங்குங்கள். ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளியுணர்வு அளவு, தானாக ஏறட்டும். மேல் வரம்பு 3200. புள்ளிப்புள்ளியாக இருப்பதைக் கணினியில் ஓரளவு சரிசெய்யலாம், கலங்கியதை முடியாது. ஃபோகஸுக்கு நடுப்புள்ளி ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். எல்லாப் புள்ளிகளும் திறந்திருந்தால் பறவைக்கு முன்னால் இருக்கும் இலையைத்தான் கேமரா பிடிக்கும். கோப்பு ரா (RAW) வடிவில், அதாவது கேமரா பதிவுசெய்ததைச் சுருக்காமல் வைக்கும் வடிவில், இருக்கட்டும்.

கொக்கு வெளுப்பதற்குக் காரணம் அதன் பின்னணி. இருண்ட குளத்து நீர் படத்தில் பெரும்பகுதியை நிரப்புவதால், காட்சி மொத்தமும் இருட்டு என்று கேமரா நினைத்து வெளிச்சத்தைக் கூட்டுகிறது. சின்ன வெண்கொக்கின் இறகில் விவரமெல்லாம் கரைந்துபோகிறது. வெளிச்சத் திருத்தத்தை (கேமராவில் +/− என்று குறித்திருக்கும்) −1 வையுங்கள். வெளுத்த இடங்கள் திரையில் மினுக்கும் எச்சரிக்கையை இயக்கி, மினுக்கல் நிற்கும்வரை குறையுங்கள். வானத்துக்கு எதிரே குயிலோ கரிச்சானோ உட்கார்ந்தால் நேர்மாறு: +1 முதல் +1⅔ வரை.

குளக்கரையில் நின்றுகொண்டு கீழ்நோக்கி எடுக்காதீர்கள். மண்டியிட்டு, கேமராவை நீர்மட்டத்துக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறக்குங்கள். எதிர்க்கரை தூரத்து மங்கலாகி, பறவை தனித்து எழும். வழக்கமாக மண்நிறத்தில் இருக்கும் மடையானுக்கு இந்தப் பருவத்தில் முதுகு கருஞ்சிவப்பாக மாறத் தொடங்கும், தவறவிடாதீர்கள். வெண்மார்பு மீன்கொத்தி மீனைப் பிடித்ததும் பெரும்பாலும் பழைய இடத்துக்கே திரும்பும்.

கைப்பழக்கத்துக்குச் செம்மார்புக் குக்குறுவானைச் சொல்வேன். 'டொக், டொக்' என்று சீராகக் கத்திக்கொண்டு, காலை வெயிலில் மரத்தின் உச்சிக் குச்சியில் நெடுநேரம் அசையாமல் உட்காரும். கத்தும்போது தலையைத் திருப்பிக்கொண்டே இருப்பதால் சத்தம் வேறெங்கோ இருந்து வருவதுபோல ஏமாற்றும். காதை நம்பாமல் இலையற்ற உச்சிக் கிளைகளைக் கண்ணால் தேடுங்கள்.

சருகு குவிந்த நிழலான மூலை உங்கள் பூங்காவில் இருந்தால், அங்கே ஆறுமணிக்குருவி இருக்க வாய்ப்புண்டு. விடியலிலும் அந்தியிலும் இரட்டைச் சீழ்க்கை கேட்கும். சித்திரைக்குள் வடக்கேயும் மத்திய இந்தியாவுக்கும் குஞ்சு பொரிக்கத் திரும்பிவிடும். தத்தித் தத்தி இடையிடையே நின்று இரை தேடுவதால், நிற்கும் கணத்தில் 1/160 நொடியிலேயே எடுக்கலாம். தயவுசெய்து செல்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிடாதீர்கள். எல்லைக்குள் எதிரி வந்ததாக நினைத்து இரை தேடுவதை விட்டுவிடும். நெடும்பயணத்துக்குக் கொழுப்பு சேர்க்கும் நாட்களில் அது பெரிய இழப்பு.

கூடு கண்ணில் பட்டால் படமெடுக்க வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. தாய்ப்பறவை அலகில் புழுவோ பஞ்சோ வைத்துக்கொண்டு உள்ளே போகாமல் பக்கத்துக் கிளையில் கத்திக்கொண்டிருந்தால், நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள், உடனே விலகுங்கள். மறைக்கும் இலையை ஒதுக்கிக் கட்டவோ வெட்டவோ கூடாது. தையல்சிட்டின் கூட்டை வெயிலிலிருந்தும் காக்கையிடமிருந்தும் காப்பதே அந்த இலைதான். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதையும் வேட்டை என்றே வரையறுக்கிறது. பகலில் புள்ளி ஆந்தை தங்கும் பொந்தைக் கண்டுபிடித்தால், படத்தோடு இடத்தைப் பொதுவில் போடாதீர்கள்.

இப்படி இந்தப் பருவம் முழுக்க எடுத்துப் பார்த்தபின்னும், ஐந்து மீட்டருக்குள் வராத பறவைகள்தான் உங்களுக்கு வேண்டும் என்று தோன்றினால் அப்போது 400 மி.மீ. பற்றி யோசிக்கலாம். வாங்குமுன் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுங்கள். உங்கள் 55–250 அரைக் கிலோகூட இல்லை; கேனானின் 100–400 லென்ஸின் இரண்டாம் பதிப்பு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். அதைக் கையில் பிடித்தபடி அரை மணி நேரம் ஒரு குச்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார முடிகிறதா என்று தெரிந்துகொண்டு பணத்தைக் கொடுங்கள்.