லாரி ஓட்டுங்கள் தம்பி, லாரி வாங்குவதை மட்டும் தள்ளிப் போடுங்கள்

கேள்வி: வணக்கம் அக்கா. கோத்தகிரி பக்கம் ஒரு கிராமம், வயது 33. கோவையில் ஓர் அலுவலகத்தில் சர்வர், நெட்வொர்க் பார்த்துக்கொள்ளும் வேலை, 9 வருடம் 2 மாதம் ஆகிறது. கைக்கு வருவது 52,000 ரூபாய், அடிப்படைச் சம்பளம் 26,000. மனைவி ஊரில் தனியார் பள்ளி ஆசிரியை, 14,000 வாங்குகிறார். 4 வயதில் ஒரு பெண், அம்மாவும் எங்களோடுதான், அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. வீட்டுச் செலவு 30,000, கோவையில் அறைக்கும் சாப்பாட்டுக்கும் 11,000, தனிநபர் கடனுக்கு மாதம் 8,200 போகிறது (பாக்கி 1.9 லட்சம், வட்டி 14 சதவீதம்). வங்கியில் டெபாசிட் 6.4 லட்சம், பி.எஃப். 5.8 லட்சம் இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் நின்றுவிட்டது என்று போன் வருகிற வாழ்க்கை அலுத்துவிட்டது. பள்ளி விடுமுறையில் மாமா லாரியில் கிளீனராகப் போனவன் நான், வண்டி ஓட்டுவதுதான் பிடிக்கிறது. பி.எஃப். பணத்தில் 5 லட்சம் முன்பணம் கட்டி, 16 லட்சம் ஃபைனான்ஸில் ஆறு சக்கர லாரி வாங்கலாம் என்று இருக்கிறேன். மேட்டுப்பாளையம் மண்டியில் இருக்கும் நண்பன் லோடு தருவதாகச் சொல்கிறான். தெரிந்த ஓனர் ஒருவர் 22,000 சம்பளமும் பேட்டாவும் கொடுத்து டிரைவராகக் கூப்பிடுகிறார், ஆனால் சொந்த வண்டி என்றால் நாமே முதலாளி அல்லவா? அடுத்த மாதமே வேலையை விட்டுவிடலாமா?

பதில்: தம்பி, முதலில் ஒன்று. கம்ப்யூட்டர் வேலையை விட்டு லாரிக்குப் போவதா என்று ஊரில் நாலு பேர் கேட்டிருப்பார்கள், நான் அதைக் கேட்கப் போவதில்லை. இந்த மலையில் அரிசியும் கேஸ் சிலிண்டரும் மேலே வருவதும், கேரட்டும் தேயிலையும் கீழே போவதும் டிரைவர்களால்தான், எங்கள் சித்தப்பா முப்பது வருடம் கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் காய்கறி இறக்கித்தான் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். மரியாதையான தொழில். உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்துவது வேறு: நீங்கள் இரண்டு தொழிலை ஒன்றாக நினைத்துவிட்டீர்கள். லாரி ஓட்டுவது ஒரு தொழில், லாரி வைத்திருப்பது இன்னொன்று. உங்களுக்குப் பிடித்திருப்பது முதலாவது, பணத்தைக் கொண்டுபோய்ப் போடப் பார்ப்பது இரண்டாவதில்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 16 லட்சம் கடன், 12 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் மாத டியூ சுமார் 35,600. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேல் 12,000 கிலோ வரை உள்ள சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் 27,186 ரூபாய், அது 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணம். அதற்கு மேல் வண்டிக்கான சொந்தச் சேதக் காப்பீடு, சாலை வரி, ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து வருடம் 60,000 என்று வைத்தால் மாதத்துக்கு 5,000. ஆறு டயருக்காக மாதம் 4,000, ரிப்பேருக்கு 5,000 எடுத்து வைக்கச் சொல்வேன். மலை வண்டிக்கு இது கம்மிதான், ஏறும்போது கிளட்சும் இறங்கும்போது பிரேக் லைனரும் சமவெளி வண்டியைவிட வேகமாகத் தேயும். ஆக, வண்டி நகர்ந்தாலும் நகராவிட்டாலும் மாதம் கிட்டத்தட்ட 50,000 போய்விடும். வீட்டுச் செலவு 30,000, அதோடு தனிநபர் கடனையும் அப்படியே விட்டால் 8,200, மொத்தம் 88,000. மாதம் 22 நாள் லோடு கிடைத்தால் ஒவ்வொரு நாளும் டீசல், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, மண்டிக் கமிஷன், உங்கள் சாப்பாடு எல்லாம் போக 4,000 ரூபாய் கையில் நிற்க வேண்டும். மனைவி சம்பளம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்தாலும் நாளுக்கு 3,360 வரும்.

இப்போது நண்பரிடம் போய், "லோடு தருவாயா?" என்று கேட்காமல், "மாதம் 22 நாள், செலவு போக 4,000 நிற்கிற மாதிரி தருவாயா, நவம்பரிலும் தருவாயா?" என்று கேளுங்கள். நவம்பரை ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். வடகிழக்குப் பருவமழையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் குன்னூர் சாலையை மூடிவிடுகிறார்கள், எல்லா வண்டியும் கோத்தகிரி வழியாகத் திரும்புகிறது, சில சமயம் அதுவும் நிற்கிறது. 2009 நவம்பரில் நிலச்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, அந்தச் சமயம் நம் மலையில் யார் வண்டி ஓடியது? சாலை மூடினாலும் ஃபைனான்ஸ்காரர் டியூ தேதியை மாற்ற மாட்டார். மழை இல்லாத நாளிலும் சிக்கல் உண்டு, இறங்கும்போது கேரட்டும் முட்டைக்கோஸும் இருக்கும், ஏறும்போது ரிட்டன் லோடு கிடைக்குமா என்பதுதான் லாபத்தை முடிவு செய்கிறது, அது உங்கள் நண்பர் கையில் இல்லை. மைசூர் பக்கம் போகலாம் என்றால் பந்திப்பூர் வழி இரவு 9 முதல் காலை 6 வரை 2009-லிருந்தே அடைப்பு, நேரம் தவறினால் ஒரு ராத்திரி செக்போஸ்ட்டில்தான்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர், பெயர் வேண்டாம், உங்களைப் போலவே வேலையை விட்ட மாதமே வண்டி எடுத்தார். நன்றாக ஓட்டக்கூடியவர். முதல் மழைக்காலத்தில் மூன்று டியூ தவறியது, நான்காவது மாதம் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அவர் போட்ட முன்பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. அது அவருடைய பி.எஃப். பணம். இன்றைக்கும் அவர் லாரிதான் ஓட்டுகிறார், வேறொருவர் வண்டியை. அந்த இடத்தில் முதலிலேயே தொடங்கியிருந்தால் அந்தப் பணம் அவரிடம் இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை.

அதனால் நான் சொல்வது: அந்த ஓனர் கூப்பிடுகிற 22,000 சம்பள வேலைக்குப் போங்கள். ஆனால் அடுத்த மாதம் வேண்டாம். பத்து மாதம் பொறுங்கள்.

பத்து மாதம் எதற்கு என்றால், உங்கள் பி.எஃப்.பில் ஒரு பகுதி ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது, அதில் 10 வருட சேவை கணக்கில் இருந்தால்தான் 58 வயதில் மாதா மாதம் ஓய்வூதியம். ஒன்பதரை வருடத்தையே பத்தாக எண்ணுவார்கள், ஆனாலும் விளிம்பில் நிற்காமல் முழுப் பத்தையும் முடியுங்கள். 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பில் 10 வருடத்துக்குக் கணக்கிட்டால் மாதம் 2,142 ரூபாய். சின்னத் தொகைதான், ஆனால் உயிருள்ளவரை வரும், உங்களுக்குப் பிறகு மனைவிக்கும் ஒரு பங்கு வரும். பத்துக்கு முன் நின்றாலும் அதுவரையான சேவைக்குச் சான்றிதழ் வாங்கி வைத்து அடுத்த வேலையில் சேர்க்கலாம் என்பார்கள், உண்மைதான், ஆனால் இருபது பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் லாரி ஓனருக்குப் பி.எஃப். கட்டாயமே இல்லை, அப்புறம் எங்கே சேர்ப்பது? பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) அப்படித்தான், உங்கள் அடிப்படைச் சம்பளத்துக்கு வருடம் 15,000, இப்போது விட்டால் 1,35,000, பத்து முடித்தால் 1,50,000.

பி.எஃப். பணத்தைத் தொடவே வேண்டாம். 5.8 லட்சம் அப்படியே கிடந்து, இப்போதைய 8.25 சதவீத வட்டியே நீடித்தால் 58 வயதில் சுமார் 42 லட்சம் ஆகும். வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வருமான வரி உண்டு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டிரைவருக்கு முதுகும் முழங்காலும் அறுபதுக்கு முன்பே பேச ஆரம்பிக்கும், அப்போது ஓட்ட முடியாத நாளில் சாப்பிட வேண்டிய பணம் இது.

தனிநபர் கடனை இந்த வாரமே டெபாசிட்டிலிருந்து அடைத்துவிடுங்கள். 7 சதவீதம் வாங்கிக்கொண்டு 14 சதவீதம் கட்டுவதில் அர்த்தமில்லை. முன்கூட்டி அடைப்பதற்குக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு செய்யுங்கள். மீதி 4.5 லட்சத்தில் 1.8 லட்சம் ஆறு மாத வீட்டுச் செலவு, அதை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. கடன் போய்விட்டால், டிரைவர் சம்பளம் 22,000, மனைவி சம்பளம் 14,000, சேர்த்து 36,000, வீட்டுச் செலவு 30,000. கோவை அறைச் செலவும் நின்றுவிடும். பேட்டாவை நான் வேண்டுமென்றே சேர்க்கவில்லை, அது வழிச் சாப்பாட்டுக்கும் டீக்கும் உள்ளது, அதை வீட்டுக் கணக்கில் எழுதினால் பட்டினியாக ஓட்டுவீர்கள். பட்டினியும் தூக்கமின்மையும் பதினாலு கொண்டை ஊசி வளைவுகளில் என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

காப்பீடு. இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள், நீங்களும் ஒரு வரிகூட எழுதவில்லை. வேலையை விடும் நாளோடு கம்பெனியின் மருத்துவக் காப்பீடும் போய்விடும். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் புதுப் பாலிசியில் அந்த நோய்க்கு அதிகபட்சம் 3 வருடம் வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். ஆகவே இப்போதே, கம்பெனிக் காப்பீடு கையில் இருக்கும்போதே, குடும்பத்துக்கும் அம்மாவுக்கும் சொந்தமாக எடுத்துவிடுங்கள், அந்தக் காத்திருப்பில் பத்து மாதம் இங்கேயே கழிந்துவிடும். சர்க்கரை நோயை மறைக்காமல் எழுதுங்கள். தனிநபர் மருத்துவ, ஆயுள் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது, அந்த அளவுக்குச் சுமை குறைவு. அப்புறம் குறைந்தது 50 லட்சத்துக்கு ஒரு டெர்ம் பாலிசி (நமக்கு ஏதாவது ஆனால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு), தொழில் என்று கேட்கிற இடத்தில் லாரிக்கு மாறப் போவதையும் சொல்லுங்கள், பிரீமியம் கொஞ்சம் ஏறினாலும் பரவாயில்லை, பின்னால் உங்கள் மனைவி யாரிடமும் வாதாட வேண்டியிருக்காது. வங்கியில் வருடம் 20 ரூபாய் பிடித்துக்கொண்டு 2 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு தரும் பிரதமர் திட்டத்தையும் போட்டுவிடுங்கள், அது போதாது, தனியாக ஒரு விபத்துப் பாலிசியும் வேண்டும். ஓனரிடம் சேரும் முன் வண்டியின் காப்பீடும் எஃப்.சி.யும் (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) நடப்பில் இருக்கின்றனவா என்று காகிதத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

லைசென்ஸ் விஷயம் எளிது. உங்களிடம் கார் லைசென்ஸ் இருந்தால், மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை அதை வைத்தே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பு சொல்லிவிட்டது. எனவே பிக்கப், 407 மாதிரி வண்டிகளில் சனி, ஞாயிறு இப்போதே பழகலாம். பெரிய வண்டிக்கு, கார் லைசென்ஸ் வாங்கி ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும், எல்.எல்.ஆர்., மருத்துவச் சான்று, அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பள்ளியின் சான்று எல்லாம் கேட்பார்கள், அந்த லைசென்ஸை 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இந்தப் பத்து மாதத்தில் இதை முடித்துவிடலாம். முடிந்தால் மாமாவுடன் நாலைந்து ராத்திரி, லோடோடு, கோயம்பேடு வரை போய்த் திரும்புங்கள். விடுமுறையில் கிளீனராகப் போனது பதினைந்து வயதில், 33 வயதில் உடம்பு வேறு மாதிரி பதில் சொல்லும். நாலு ராத்திரி போய் வந்த பிறகும் ஆசை அப்படியே இருந்தால் தைரியமாக ராஜினாமா எழுதுங்கள்.

ஓனரிடம் ஒரு வருடம் ஓட்டும்போது ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தத் தேதி, எங்கிருந்து எங்கே, என்ன லோடு, வாடகை எவ்வளவு, டீசல் எத்தனை லிட்டர், ரிட்டன் கிடைத்ததா, எத்தனை நாள் சும்மா நின்றது, டயரும் லைனரும் எப்போது மாற்றினார்கள். அது அவர் வண்டிக் கணக்கு என்று விட்டுவிடாதீர்கள், உங்கள் வண்டி வாங்கும் கணக்கு அதில்தான் இருக்கிறது. ஒரு வருடம் கழித்து டெபாசிட் மீதி 2.7 லட்சம், பணிக்கொடை 1.5 லட்சம், இந்தப் பத்து மாதத்தில் டியூ இல்லாமல் மிச்சமாகும் 82,000 எல்லாம் சேர்த்தால், காப்பீட்டுக்கும் பயிற்சிக்கும் போனது போக, பி.எஃப்.பைத் தொடாமலே 4 லட்சத்துக்குப் பக்கத்தில் நிற்கும். அப்போதும் 21 லட்சத்து வண்டி வேண்டாம், முதல் வண்டி பழையதாக, சின்னதாக இருக்கட்டும். 2025 செப்டம்பரில் புது லாரிக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததால் பழைய வண்டி விலையும் இறங்கியாக வேண்டும், பேரம் பேசும்போது இதைச் சொல்லுங்கள். 8 வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. வருடா வருடம் காட்ட வேண்டும், அதற்கு உட்பட்டதாகப் பாருங்கள். வருமான வரியைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், 12 டன்னுக்கு உட்பட்ட வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் வருமானம் என்று காட்டிக் கணக்கை முடிக்கும் வசதி சட்டத்திலேயே இருக்கிறது.

அந்த நோட்டில் 22 நாளும் 4,000 ரூபாயும் எத்தனை மாதம் வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள், நவம்பர் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள், எந்த வண்டி, எவ்வளவு கடன் என்று அப்போது உட்கார்ந்து பேசுவோம்.