கருவிப்பெட்டி: ஆடும் பூட்டு

கேள்வி (உட்லண்ட்ஸ் வாசகி): ஐயா, என் மகன் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருக்கிறான். போன வருடம் பழைய மோட்டார்ஹோம் (உள்ளேயே படுத்துத் தூங்கும் வீட்டு வண்டி) ஒன்று வாங்கினான். டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு நானும் போகிறேன். எல்லாரும் அந்த வண்டியில் ஆல்பனி வரை போவதாக ஏற்பாடு. ஆனால் ஏறி இறங்கும் கதவின் பூட்டு கைப்பிடியோடு சேர்ந்து ஆடுகிறது. மகன் ஸ்க்ரூவை முறுக்கி வைக்கிறான், இரண்டு நாள் ஓட்டினால் மறுபடி ஆட்டம். ஒரு தடவை வளைவில் திரும்பும்போது கதவே திறந்துகொண்டதாம். வெளிப்பக்கம் கொண்டி அடித்துப் பூட்டுப் போட்டுவிடலாம் என்கிறான். வேறு வழி உண்டா? இங்கிருந்து ஏதாவது வாங்கிப் போக வேண்டுமா?

பதில்: அம்மா, கொண்டி வேண்டவே வேண்டாம். இதை இன்றைக்கே மகனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். அந்த வண்டிக்குள் கேஸ் அடுப்பு இருக்கும், பிள்ளைகள் படுத்திருப்பார்கள். கதவை உள்ளிருந்து கையால் திறக்க முடிய வேண்டும். இன்னொருவர் வெளியே வந்து திறந்துவிடக் காத்திருக்கும் கதவு, பூட்டாத கதவைவிட ஆபத்தானது. சரிசெய்து முடிக்கும்வரை பேரப்பிள்ளைகளை அந்தக் கதவுப் பக்கம் உட்கார வைக்காதீர்கள், வண்டி நகரும்போது எல்லாரும் பெல்ட் போட்டிருக்கட்டும்.

முறுக்கி முறுக்கி வைப்பதன் விளைவு எனக்குத் தெரியும். 1994இல் துவாஸில் வேலை. கம்பெனி வேனின் பக்கக் கதவுப் பூட்டு இதேபோல் ஆடிக்கொண்டிருந்தது. வாரத்துக்கு ஒரு முறை நான்தான் முறுக்குவேன். ஒரு நாள் தீவு விரைவுச்சாலையில் கதவு திறந்து, பெரிய கருவிப்பெட்டி ஒன்று சாலையில் போய் விழுந்தது. பின்னால் வந்த மோட்டார்சைக்கிள்காரர் ஒதுங்கிப் போய்விட்டார். அவர் ஒதுங்கிய அந்த ஒரு நொடியை இன்னும் மறக்கவில்லை. அன்று மாலை பூட்டைக் கழற்றிப் பார்த்தால், ஸ்க்ரூ கடித்துப் பிடிக்க அங்கே ஒன்றுமே இல்லை. நான் மாதக்கணக்கில் வெறும் ஓட்டையைத்தான் முறுக்கியிருக்கிறேன்.

உங்கள் மகனின் வண்டியிலும் அதைத்தான் பார்க்க வேண்டும். மோட்டார்ஹோம் கதவு நம் வீட்டுக் கதவு மாதிரி முழு மரம் இல்லை. பெரும்பாலும் வெளியே மெல்லிய அலுமினியம் அல்லது ஃபைபர்கிளாஸ் தகடு, உள்ளே ஒரு தகடு, நடுவில் நுரை, ஓரத்தில் மட்டும் மரச்சட்டமோ அலுமினியச் சட்டமோ இருக்கும். பூட்டு இரண்டு பாதி. உள்பாதியில் போடும் ஸ்க்ரூ கதவைத் துளைத்துப் போய் வெளிப்பாதியைப் பிடித்து இழுக்கும். இரண்டும் சேர்ந்து கதவை இடுக்கிபோல் கவ்வி நிற்கும். இரண்டு தகட்டுக்கும் இடையே உள்ள மரச்சட்டம் மழைநீர் இறங்கி ஊறிப்போனால், முறுக்க முறுக்க மரம் நசுங்கும், இடுக்கிப் பிடி தளரும். மகன் ஒவ்வொரு முறையும் நல்லது செய்வதாக நினைத்து அதை இன்னும் கொஞ்சம் நசுக்கியிருக்கலாம்.

கதவை முழுக்கத் திறந்து கட்டிவைத்துவிட்டுத்தான் பூட்டைக் கழற்ற வேண்டும். பாதி கழற்றிய பூட்டோடு கதவு சாத்திக்கொண்டால் பெரிய தொல்லை. வெளிப்பாதியை மருமகள் பிடித்துக்கொள்ளட்டும். கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது. அப்புறம் அந்த ஓட்டைக்குள் ஒரு கூரான ஊசியால் மரத்தைக் குத்திப் பார்க்கட்டும். ஊசி எதிர்த்து நின்றால் மரம் நல்லது. வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் ஊறிப்போன மரம்.

மரம் நல்லதாக இருந்தால் வேலை அரை மணி நேரம். ஸ்க்ரூவின் மரையைத் துடைத்து, நீல நிற ஸ்க்ரூ பிடிமானத் திரவம் (த்ரெட்லாக்கர்) ஒரே ஒரு சொட்டு விட்டு, கை ஸ்க்ரூடிரைவரால் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். மின்சார ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், தகடு குழிந்துவிடும். சிவப்புத் திரவமும் வேண்டாம், சூடு காட்டினால்தான் பிறகு கழற்ற முடியும். இந்தத் திரவம் காற்றுப் படாத இடத்தில் உலோகத்தைத் தொட்டால்தான் இறுகும், அதனால்தான் புட்டியில் பாதி காலியாக விட்டு விற்கிறார்கள். ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு வண்டியை எடுப்பது நல்லது. ஆனால் ஸ்க்ரூ ஏறும் இடம் பிளாஸ்டிக் என்றால் இதை விடவே கூடாது. சில பிளாஸ்டிக் இதில் விரிசல் விட்டுப் போகும்.

மரம் ஊறியிருந்தால் பொறுமை வேண்டும். கெட்டதைச் சுரண்டி எடுத்து, நாலைந்து நாள் நன்றாகக் காயவைத்து, எபாக்ஸி மரப்பசையால் நிரப்பலாம். அதிகம் போயிருந்தால் கெட்டி மரத்துண்டு வெட்டிப் பதிக்க வேண்டும். நான் செய்தால் ஸ்க்ரூ போகும் ஒவ்வொரு ஓட்டையிலும் கதவின் தடிமனுக்குச் சரியாக வெட்டிய சின்ன அலுமினியக் குழாய் ஒன்றைச் செருகுவேன். இறுக்கும் பாரத்தைக் குழாய் தாங்கிக்கொள்ளும், கதவு நசுங்காது. வெளிப்பாதியைச் சுற்றி சிலிகான் பூசினால், காடி (வினிகர்) வாசம் அடிக்காத வகையாகப் பார்த்து வாங்கட்டும். காடி வாசம் வருவது உலோகத்தை அரிக்கும். தண்ணீர் வந்த வழியை அடைக்காமல் மரத்தை மட்டும் மாற்றினால் மறுபடி இதே வேலைதான்.

இத்தோடு முடியவில்லை அம்மா. வளைவில் கதவு திறந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அது வெறும் ஆட்டம் இல்லை. பூட்டின் நாக்கு எதிரே உள்ள தகட்டில் போதுமான ஆழம் விழவில்லை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். மேடு பள்ளத்தில் நின்றால் வண்டியின் சட்டக்கூடே லேசாக முறுக்கிக்கொண்டு கணக்குத் தப்பும். குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து நாக்கின் நுனியில் தடவி, கதவைச் சாத்தித் திறந்து, தகட்டில் எங்கே சிவப்பு ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஓரத்தில் ஒட்டியிருந்தால் தகட்டின் ஸ்க்ரூவைத் தளர்த்தி நகர்த்த வேண்டும். கீழே ஒட்டியிருந்தால் கதவு தொங்குகிறது, கீலைப் பார்க்க வேண்டும். இதை மகன் செய்தாலும் பக்கத்தில் நின்று நீங்களும் பாருங்கள்.

வாங்கிப் போவதைப் பொறுத்தவரை, ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ கிடைக்கும். ஆனால் மகன் பழைய ஸ்க்ரூ ஒன்றின் நீளத்தையும் தடிமனையும் அளந்து அனுப்பட்டும், கண்மதிப்பில் வாங்காதீர்கள். எண்ணெய் ஸ்ப்ரே டப்பாவை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். மரத்துண்டும் வேண்டாம், ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது மரப்பொருள் எதுவானாலும் அறிவிக்க வேண்டும். இரண்டையும் பெர்த்திலேயே வாங்கலாம். பூட்டின் வார்ப்பே உடைந்திருந்தால் ஒட்டவைக்க முயல வேண்டாம். கதவின் தடிமனையும் வெட்டிய ஓட்டையின் அகலம், உயரத்தையும் அளந்து புதுப் பூட்டு வாங்குவதுதான் சரி. பெர்த்திலிருந்து ஆல்பனி 400 கிலோமீட்டருக்கு மேல். புறப்படும் முன் ஒரு நாள் பக்கத்துச் சாலைகளில் ஓட்டிவிட்டு, திரும்பி வந்து பூட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள்.

கேள்வி (தோ பாயோ வாசகர்): எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வாசற்கதவின் கைப்பிடி தொங்குகிறது. புதிதாக ஓட்டை போட்டு வேறு பூட்டு மாட்டலாமா?

பதில்: ஓட்டை போடுவதற்கு முன், உங்கள் கதவு தீத்தடுப்புக் கதவா என்று பாருங்கள். மின்தூக்கி, படிக்கட்டு அருகில் உள்ள பல வீடுகளில் அப்படித்தான் இருக்கும், அதில் கண்டபடி துளைக்கக் கூடாது. கைப்பிடியின் கழுத்துக்குக் கீழே குனிந்து பார்த்தால் ஒரு சின்ன அறுகோண ஓட்டை தெரியும். ஆலன் சாவியால் அதை இறுக்குங்கள். இறுக்கியும் கைப்பிடி தானாக மேலே எழும்பாவிட்டால் உள்ளே ஸ்பிரிங் போயிருக்கிறது, அதே அளவுக் கைப்பிடி ஜோடி வாங்கி மாட்டினால் போதும்.