தோழி காரில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள்: பங்கு எவ்வளவு தருவது?

மேடவாக்கத்திலிருந்து: பக்கத்துத் தெருத் தோழி தன் பையனோடு என் பெண்ணையும் காரில் கூட்டிப்போய்க் கூட்டி வருகிறார். அவர் வீட்டிலிருந்து பள்ளி 5 கி.மீ., எங்கள் வீடு வழியாகப் போனால் 6. மாசம் ஆயிரம் ரூபாய் தருகிறேன். சரியா சார்?

குறைவு. முதலில் ஒரு கிலோமீட்டர் ஓட என்ன ஆகிறது என்று பாருங்கள். ஏசி போட்டு, பள்ளி நேர நெரிசலில் சின்ன பெட்ரோல் கார் லிட்டருக்கு 13 கி.மீ. கொடுத்தாலே நல்லது, கம்பெனி சொல்லும் 22, 23 எல்லாம் இங்கே செல்லாது. லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் பெட்ரோலுக்கு மட்டும் 7.77. நாலு டயர் 18,000 ரூபாய், 40,000 கி.மீ. உழைக்கும்: 45 பைசா. 10,000 கி.மீ.க்கு ஒரு சர்வீஸ் 7,000 என்றால் 70 பைசா. பிரேக், கிளட்ச், பேட்டரிக்கு 60 பைசா. ஓட ஓட வண்டியின் மறுவிற்பனை விலை இறங்குவதற்கு ஒன்றரை ரூபாய். ஆக 11 ரூபாய். இன்சூரன்ஸ், இஎம்ஐ இரண்டையும் சேர்க்காதீர்கள். உங்கள் பெண் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அவர் அதைக் கட்டத்தான் போகிறார்.

அடுத்து தூரம். எல்லாரும் தவறுவது இங்கேதான்: பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் தூரத்தை மட்டும் எண்ணுவார்கள், காலி வண்டி திரும்பி வருவதை விட்டுவிடுவார்கள். காலையில் 6 போய் 5 திரும்புகிறார், மாலையில் 5 போய் 6 திரும்புகிறார்: நாளைக்கு 22 கி.மீ. அதில் உங்களுக்காகச் சுற்றுவது 2 கி.மீ.; அந்த 22 ரூபாய் முழுக்க உங்களுடையது. மீதி 20 கி.மீ.க்கு 220 ரூபாய், ஆளுக்குப் பாதி, 110. மொத்தம் நாளைக்கு 132. 22 பள்ளி நாளுக்கு 2,904.

பிள்ளைகளை விட்டுவிட்டு அவர் அப்படியே வேலைக்குப் போகிறவர் என்றால் காலைத் திரும்பல் கணக்கில் வராது. அப்போது நாளைக்கு 104.50, மாதம் ஏறக்குறைய 2,300.

அவர் கார் உண்மையில் என்ன மைலேஜ் தருகிறது என்பதை ஊகிக்க வேண்டாம். பங்க்கில் பம்ப் தானாக நிற்கும் வரை நிரப்பி ட்ரிப் மீட்டரைச் சுழியாக்கச் சொல்லுங்கள். அடுத்த முறையும் அதே பங்க்கில் அப்படியே நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் தெரிந்துவிடும்.

அதே கணக்கில் இன்னொருவர்: எங்கள் வீட்டில் ரெண்டு பிள்ளைகள், தோழிக்கு ஒன்று. மூன்றில் இரண்டு பங்கா?

பொதுத் தூரத்தைக் குடும்பக் கணக்கில் பாதிப் பாதி போட்டாலே போதும் என்பது என் கட்சி. இரண்டாவது பிள்ளை ஏறுவதால் கார் ஓர் அடி கூட அதிகம் ஓடுவதில்லை. ஆனால் உங்கள் இரண்டு பேரால் இடம் நிரம்பி, இன்னொரு குடும்பம் சேர முடியாமல் போனால் தலைக்கணக்குதான் நியாயம். மேலே சொன்ன தூரத்துக்கு அது நாளைக்கு 169 ரூபாய் வரும்.

கோவையிலிருந்து: ஒயிட் போர்டு (வெள்ளை நம்பர் பிளேட், சொந்த உபயோக) காரில் காசு வாங்கினால் கேஸ் ஆகும் என்கிறார்களே அண்ணா?

செலவைப் பங்கிடுவதும் வாடகைக்கு ஓட்டுவதும் ஒன்றல்ல. நீங்கள் தருவது ஓட்டும் செலவில் உங்கள் பங்குக்குள் நிற்க வேண்டும். தோழி ஐந்து பிள்ளைகளை ஏற்றித் தலைக்கு 2,500 வாங்க ஆரம்பித்தால் அது தனியார் காரில் வேன் தொழில். மோட்டார் வாகனச் சட்டம் 192ஏ பிரிவின்படி, பெர்மிட் இல்லாமல் அப்படி ஓட்டினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. லைசென்ஸ் இதில் சிக்கல் இல்லை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை எல்எம்வி (சாதாரண கார்) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. பெர்மிட்டும் இன்சூரன்ஸும்தான் இடிக்கும்.

அபராதத்தைவிடப் பெரிய அடி இன்சூரன்ஸில். தனியார் கார் பாலிசியில் ‘எதற்குப் பயன்படுத்தலாம்’ என்று ஒரு பத்தி இருக்கும். வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டினால் செல்லாது என்று அதில் வெளிப்படையாகவே அச்சடித்திருக்கிறார்கள். விபத்தானால் கம்பெனி முதலில் புரட்டுவது அந்தப் பத்தியைத்தான். எனவே கணக்கு எழுதிய தாளை இருவரும் வைத்திருங்கள். ஜிபேயில் அனுப்பும்போது ‘வேன் ஃபீஸ்’ என்று போடாமல், உள்ளபடி ‘ஜூன் பெட்ரோல் பங்கு’ என்று போடுங்கள்.

இன்னொன்று. தோழியிடம் இருப்பது வெறும் தேர்டு பார்ட்டி (வெளியாருக்கு ஆகும் சேதத்துக்கு மட்டுமான) பாலிசியா என்று கேளுங்கள். அப்படியானால் காருக்குள் இருக்கும் உங்கள் பிள்ளைக்கு அதில் பாதுகாப்பு கிடையாது. முழு பேக்கேஜ் பாலிசி வேண்டும். அதோடு பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கான விபத்துக் காப்பீட்டை, சீட்டுக்கு 2 லட்சம் வரை, சேர்த்துக்கொள்ளலாம். பிரீமியம் சில நூறு ரூபாய்தான். அதை நீங்கள் கட்டுவது முறை.

பெயர் போட விரும்பாதவர்: தினம் ஒன்றரை மணி நேரம் அவருடையது போகிறது. அதற்குக் காசு தர வேண்டாமா?

அவர் பையனுக்காகவும் போகிற நேரம்தானே. மேலும் நேரத்துக்கு விலை போட்ட நிமிஷம், செலவுப் பங்குக்கும் வாடகைக்கும் நடுவே மேலே சொன்ன எல்லையைத் தாண்டிவிடுகிறீர்கள். நேரத்துக்கு நேரத்தையே கொடுங்கள்: வாரம் ரெண்டு மாலை அவர் பையனும் உங்கள் வீட்டில் இருந்து வீட்டுப்பாடம் முடிக்கட்டும், சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸுக்கு நீங்கள் கூட்டிப்போங்கள். உங்களிடமும் கார் இருந்தால் வாரம் மாற்றி வாரம் ஓட்டுங்கள், கணக்கே வேண்டாம்.

திருச்சியிலிருந்து: எவ்வளவு சொன்னாலும் “நமக்குள்ள என்னங்க காசு”ங்கறாங்க அண்ணா. வாங்கவே மாட்டேங்கறாங்க.

முதல் மாதம் அப்படித்தான் சொல்வார்கள். மூன்றாம் மாதம் மனசுக்குள் வேறு கணக்கு ஓடும். காசாகத் தராதீர்கள். மாதம் ரெண்டு தரம் கூடவே பங்க்குக்குப் போய் நீங்கள் பணம் கட்டுங்கள். சர்வீஸுக்கு விடும்போது பில்லில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளுங்கள். தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுத்து நேர் செய்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அதற்குப் பதில் மரியாதையாக அவரும் ஒன்று எடுப்பார்; பெட்ரோல் பாக்கி அப்படியே நிற்கும்.

தாம்பரத்திலிருந்து: லீவு நாளுக்கு எப்படி?

மாதத் தொகை பேசாமல் நாள் கணக்கு வையுங்கள். காலாண்டு, அரையாண்டு விடுமுறை தானாகவே கழிந்துவிடும். உங்கள் பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால், முதல் நாள் இரவு எட்டு மணிக்குள் சொல்லிவிட்டால் சுற்றுத் தூரத்தைக் கழிக்கலாம், பொதுப் பங்கைக் கழிக்கக் கூடாது. கார் எப்படியும் ஓடியிருக்கிறது. அவர் வராத நாளுக்கு ஒன்றும் கிடையாது, நீங்கள் பிடிக்கும் ஆட்டோ உங்கள் செலவு. ஐப்பசி, கார்த்திகையில் கலெக்டர் காலையில்தான் மழை விடுமுறை அறிவிப்பார். கார் கிளம்பியபின் தெரிந்தால் அந்த நடைக்குக் கொடுத்துவிடுங்கள்.

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து: பள்ளி செங்கல்பட்டில். பரனூர் டோல் நடுவில். ஃபாஸ்டேக் வருட பாஸ் போதுமா?

போதாது. 2025 ஆகஸ்ட் 15 முதல் வந்திருக்கும் அந்த ஃபாஸ்டேக் பாஸ் ஒரு வருடம் அல்லது 200 கடப்பு, எது முதலில் வருகிறதோ அதுவரைதான். கொண்டுவிட்டுத் திரும்பி, மறுபடி கூட்டிவந்தால் நாளைக்கு நாலு கடப்பு; 50 பள்ளி நாளில் பாஸ் காலி. டோலுக்கு 20 கி.மீ.க்குள் வீடு இருந்தால் உள்ளூர் மாத பாஸ் வாங்கச் சொல்லுங்கள். மாதம் 350 ரூபாய் அளவில்தான், எத்தனை தரம் வேண்டுமானாலும் போகலாம். ஆர்சியும் முகவரிச் சான்றும் டோல் அலுவலகத்தில் காட்ட வேண்டும். பாஸ் காசில் பாதி உங்களுடையது.

மதுரையிலிருந்து: ஸ்கூட்டியில் அவங்க மகள், என் மகன் ரெண்டு பேரையும் ஏத்திட்டுப் போறாங்க. பெட்ரோலுக்கு என்ன குடுக்கலாம்?

கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் ஆகும். ஆனால் இந்த ஏற்பாட்டையே நிறுத்துங்கள். இருசக்கர வண்டியில் ஓட்டுநருக்குப் பின்னால் ஒருவருக்கு மேல் ஏற்றச் சட்டம் விடாது. சிறுவர் என்றாலும் தலை தலைதான். நாலு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு ஹெல்மெட் கட்டாயம். முன்னால் நிற்க வைத்துக் கூட்டிப்போகும் பிள்ளை திடீர் பிரேக்கில் நேராக ஹேண்டில்பாரில் போய் மோதும்.

மின்சாரக் கார் பற்றி ஒருவர்: பெட்ரோலே இல்லையே, சும்மா கூட்டிப்போகலாமே?

கரண்ட் கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குள் முடிந்துவிடும். டயர், சர்வீஸ், தேய்மானம் சேர்த்து ஐந்து ரூபாய் வையுங்கள். வீட்டு மீட்டரில் சார்ஜ் ஏறி, இரண்டு மாத யூனிட் 500-ஐத் தாண்டினால் ஸ்லாப் மாறிக் கட்டணம் எகிறும். அப்படியானால் பழைய பில்லையும் புது பில்லையும் பக்கத்தில் வைத்துக் கூடுதலைப் பிரியுங்கள்.

ஆவடியிலிருந்து: காசு சரி. வேறென்ன பேசி வைத்துக்கொள்ள வேண்டும்?

காரில் பெல்ட் எத்தனையோ பிள்ளைகள் அத்தனை பேர்தான். மடியில் உட்கார வைப்பது கூடாது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளை பெல்ட் போடாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம். பெல்ட் கழுத்தில் உரசும் உயரத்தில் இருக்கும் பிள்ளைக்கு பூஸ்டர் சீட் வேண்டும், அதை வாங்கித்தர வேண்டியது அந்தப் பிள்ளையின் பெற்றோர். ஏர்பேக் உள்ள முன் சீட்டில் சின்னப் பிள்ளை வேண்டாம். பின்கதவுகளில் சைல்டு லாக் போட்டிருக்க வேண்டும். இறங்குவது எப்போதும் இடப்பக்கம், நடைபாதை ஓரமாக. யார் கூட்டிப்போவார் என்று பள்ளிக்குக் கடிதமும் தோழியின் புகைப்படமும் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் மாலையில் கேட்டிலேயே நிறுத்தி உங்களுக்குப் போன் போடுவார்கள்.