லேப்டாப்பில் மட்டும் வைஃபை ஊர்கிறதே, ஏன்?

கேள்வி: கீழமாசி வீதியில் எங்கள் மளிகைக் கடைக் கணக்கை உபுண்டு லினக்ஸ் போட்ட லேப்டாப்பில்தான் எழுதுகிறோம். போனில் 80 எம்பிபிஎஸ் வேகம் காட்டும் அதே வைஃபை, லேப்டாப்பில் 2, 3 தாண்டுவதில்லை. ரவுட்டர் பக்கத்தில் தேவலை. குடோன் பக்கம் போனால் அறுந்துவிடுகிறது. விண்டோஸில் இந்தத் தொல்லை இல்லை. வைஃபை கார்டு ஆர்டிஎல்8723பிஇ. மாற்றிவிடலாமா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். பக்கத்தில் வேகம், நாலு எட்டு தள்ளினால் இல்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆன்டெனாவை. இந்த வகைக் கார்டுகள் பலவற்றில் ஆன்டெனா ஒயர் மாட்ட இரண்டு முனைகள் உண்டு. லேப்டாப்பில் ஒன்றில்தான் ஒயர் இருக்கும். எந்த முனை என்று சிப்புக்குள் தப்பாகப் பதிந்திருந்தால், லினக்ஸ் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) ஒயரில்லாத முனையில் சிக்னல் தேடும்.

குடோனில் உட்கார்ந்தே சோதியுங்கள். கட்டளைகள் எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில். டெர்மினல் என்ற கட்டளைத் திரையைத் திறந்து ‘என்எம்சிஎல்ஐ டெவ் வைஃபை’ என்று அடித்து, 100க்கு எத்தனை சிக்னல் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டிரைவரை இறக்க ‘சூடோ மோட்ப்ரோப் -ஆர் ஆர்டிஎல்8723பிஇ’. அடுத்து ஆன்டெனா முனையைச் சொல்லி மீண்டும் ஏற்ற ‘சூடோ மோட்ப்ரோப் ஆர்டிஎல்8723பிஇ ஏஎன்டி_எஸ்இஎல்=2’. மறுபடி சிக்னலைப் பாருங்கள். ஏறவில்லையென்றால் 2க்குப் பதில் 1 போட்டு இதையே செய்யுங்கள். ஒன்றில் எண் சட்டென்று உயர்ந்தால் கோளாறு அதுதான். ஆனால் மறுதொடக்கத்தில் இது அழிந்துவிடும். நிலைக்க, இடிசி ஃபோல்டருக்குள் உள்ள மோட்ப்ரோப்.டி-யில் .கான்ஃப் என முடியும் கோப்பு ஒன்று உருவாக்கி, ‘ஆப்ஷன்ஸ் ஆர்டிஎல்8723பிஇ ஏஎன்டி_எஸ்இஎல்=2’ என்று ஒரே வரி எழுதுங்கள் (1 உதவியிருந்தால் 1).

சிக்னல் நன்றாக இருந்தும் மந்தமா? ரவுட்டருக்கு பிங் (பதில் வரும் நேரத்தை அளக்கும் கட்டளை) கொடுங்கள். நேரம் 3 மில்லிசெகண்டிலிருந்து 200க்குத் தாவித் தாவி வந்தால், மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கார்டு இடையிடையே தூங்குகிறது. இடிசிக்குள் நெட்வொர்க்மேனேஜரின் (இணைப்பைக் கவனிக்கும் மென்பொருள்) கான்ஃப்.டி ஃபோல்டரில் உள்ள கோப்பில் ‘வைஃபை.பவர்சேவ் = 3’ என்ற வரியை 2 ஆக்கி, லேப்டாப்பை மறுதொடக்கம் செய்யுங்கள்.

மாசி வீதிகளில் கடைக்குக் கடை ரவுட்டர். உங்கள் கார்டுக்கோ 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். ரவுட்டரில் சேனல் 1, 6, 11 மூன்றில் நெரிசல் குறைந்ததைப் பிடித்து, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். ரவுட்டரின் வைஃபை பாதுகாப்பு டிகேஐபி என்ற பழைய முறையில் இருந்தால் இணைப்பு 54 எம்பிபிஎஸ்-க்கு மேல் ஏறாது. டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் ஆக்குங்கள்.

எல்லாம் சரியானாலும் போனின் 80ஐ எதிர்பார்க்காதீர்கள். 20 மெகாஹெர்ட்ஸில் இந்தக் கார்டின் உச்ச இணைப்பு வேகமே 72தான். கைக்குக் கிடைப்பது ஏறக்குறைய அதில் பாதி. கணக்கு வேலைக்கு அது தாராளம். அதற்கு மேல் வேண்டுமென்றால் 5 கிகாஹெர்ட்ஸ் யுஎஸ்பி அடாப்டர் வாங்குங்கள். எம்டி7612யு சிப் உள்ளதா என்று கேட்டு வாங்கினால், டிரைவர் லினக்ஸின் மையமான கர்னலிலேயே இருக்கிறது. தனியாக எதுவும் நிறுவ வேண்டாம்.